கழுதை கத்தினதுக்கு அப்புறம்

ஒரே ஒரு வார்த்தை ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. வேற யாரோ சொன்னது இல்ல, நான் சொன்னது. 2022 ஜூன்ல பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷோட 37 வருஷப் பழைய பாட்டு ஒண்ணு ஒரு டிவி சீரிஸ் புண்ணியத்துல திரும்ப மேல ஏறி இங்க இங்கிலாந்து சார்ட்ல முதல் இடத்துக்கே வந்துச்சு இல்லையா, அப்ப எல்லாரையும் மாதிரி நானும் அவங்க ஆல்பத்தை ஒவ்வொண்ணா வரிசையா கேட்டுட்டு வந்தேன். முதல் மூணும் நல்லாத்தான் போச்சு. நாலாவது, 1982-ல வந்த "தி ட்ரீமிங்". ப்ளம்ஸ்டெட்லேர்ந்து லண்டன் பிரிட்ஜ் போற ட்ரெயின்ல போன்ல பாதி கேட்டேன், மீதியை ராத்திரி வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டேன். கடைசிப் பாட்டுல ஒரு எடம் வரும். அதுவரைக்கும் தொண்டை கிழிய "என் வீட்டை விட்டு வெளிய போ"ன்னு கத்திட்டு இருந்த பொண்ணு திடீர்னு கழுதை மாதிரி கத்த ஆரம்பிப்பா. சும்மா ஒரு சாயலுக்கு இல்ல, நிஜக் கழுதை. நான் ஹெட்ஃபோனைக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டு "சுத்தப் பைத்தியக்காரத்தனம்"னு வாய்விட்டே சொன்னேன். கிச்சன்லேர்ந்து மனைவி "யாருங்க?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்ல, ஒரு பாட்டு"ன்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். நமக்குப் புடிக்காத ஆல்பம் ஆயிரம் இருக்கு, எல்லாத்துக்கும் உக்காந்து கவலைப்பட முடியுமா? ஆனா அந்த வார்த்தை மட்டும் போகல. ஏன்னா கொஞ்ச நாள் கழிச்சு அந்த ஆல்பத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போ எங்க பாத்தாலும் அதே வார்த்தைதான் இருந்துச்சு. வந்த வருஷம் கேட்டவங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிருக்காங்க. கேட் புஷ்ஷே பின்னாடி பேட்டியில அதை "அவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" ஆல்பம்னுதான் குறிப்பிட்டாங்க. நாப்பது வருஷம் கழிச்சு, எங்கயோ கும்பகோணத்துல வளர்ந்த ஒருத்தன், அதே எடத்துல அதே வார்த்தைக்கு வந்து நிக்கிறான்னா ஒண்ணு அது உண்மையா இருக்கணும், இல்ல எங்க எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு காதுல விழாம போயிருக்கணும்.

1982-ல என்ன ஆச்சு

கேட் புஷ் யாருன்னு நான் திரும்ப முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. ஆனா ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கணும். 1978-ல பத்தொன்பது வயசுல, தானே எழுதின பாட்டோட இங்க நம்பர் ஒன் ஆன முதல் பொண்ணு அவங்க. 1980-ல வந்த மூணாவது ஆல்பம் நேரா முதல் இடம், ஆல்பம் சார்ட்ல அந்த எடத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் பாடகி. "பபூஷ்கா" அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. அதாவது ஊருக்கே செல்லப்பொண்ணு. அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் ஸ்டுடியோவுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. டவுன்ஹவுஸ், அப்பி ரோடு, ஒடிஸி, அட்விஷன்னு ஸ்டுடியோ ஸ்டுடியோவா மாறி மாறி வேலை, இன்ஜினியர்கள் மாறினாங்க, ஆனா இந்தத் தடவை தயாரிப்பாளர்னு தலைக்கு மேல யாரும் கிடையாது, முழுக்க அவங்க மட்டும்தான். கையில ஃபேர்லைட்னு ஒரு ஆஸ்திரேலிய மெஷின். எந்தச் சத்தத்தையும் உள்ள வாங்கி கீபோர்டுல சுரமாத் திருப்பித் தரும். பாத்திரம் உடையிற சத்தத்தைக்கூட இசையாக்கலாம், முந்தின ஆல்பத்துலயே அதைப் பண்ணிக் காட்டிருந்தாங்க.

1982 செப்டம்பர் 13 ஆல்பம் வந்துச்சு. அவங்களுக்கு அப்ப 24 வயசு. மூணாவது இடத்துல ஏறிச்சு, வேகமாவே இறங்கிருச்சு. வெள்ளி சர்டிபிகேட்டோட நின்னுச்சு, அப்படின்னா அறுபதாயிரம் காப்பி. சிங்கிள்களோட கதை இன்னும் மோசம். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்த "சாட் இன் யுவர் லாப்" 11 வரைக்கும் போயிருந்துச்சு, ஆல்பம் பேர்லயே வந்த சிங்கிள் 48-ல நின்னுருச்சு, அதுக்கடுத்து வந்த "தேர் கோஸ் எ டென்னர்" எழுபத்தஞ்சுக்குள்ளயே வரல. அமெரிக்காவுல 157. அதுவும் அங்க அவங்க ஆல்பம் பட்டியலுக்குள்ள வந்ததே அதுதான் முதல் தடவை.

விமர்சனங்களைப் பத்தி இப்ப எழுதறவங்க எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. அன்னிக்கு விமர்சகர்களுக்குப் புரியல, காலத்தை மீறின படைப்பு, இப்ப பாருங்க ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்லேர்ந்து அட்லாண்டா ராப்பர் பிக் பாய் வரைக்கும் கேட் புஷ்ஷைத் தலையில தூக்கி வெச்சிக் கொண்டாடறாங்க, ஆக அன்னிக்கு எழுதினவங்க எல்லாம் முட்டாள்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கல, உண்மையாவும் படல. மெலடி மேக்கர் பத்திரிகையில வந்த விமர்சனம் மொதல்ல தலை சுத்தும், அபத்தமாக்கூடத் தெரியும், ஆனா விடாம புடிச்சுக்கிட்டா பலன் இருக்குங்கிற மாதிரிதான் போகுது, அதுல முட்டாள்தனம் எங்க இருக்கு? அந்த வாரப் பத்திரிகைக்காரங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஒரு கட்டு ரெக்கார்டு மேஜைக்கு வரும், ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கேக்க நேரம் இருக்கும், நாளைக்கு எழுதிக் கொடுத்தாகணும். நாம கேக்கும்போது அந்த ஆல்பத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்ததெல்லாம் நமக்குத் தெரியும், 1985-ல இவங்க இன்னொரு ஆல்பத்தோட திரும்பி வந்து முதல் இடத்தைப் புடிக்கப் போறாங்கன்னு தெரியும். அன்னிக்கு அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நேத்து வரைக்கும் குயில் மாதிரி பாடின பொண்ணு இன்னிக்கு ஏன் இப்படிக் கத்தறான்னு பயந்துட்டாங்க. அந்தப் பயம் நேர்மையான பயம். இன்னிக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு "மாஸ்டர்பீஸ்"னு ஒரு வார்த்தையில தாண்டிப் போறவங்களைவிட, அன்னிக்குக் கேட்டுட்டு உண்மையா மிரண்டவன் அந்த ஆல்பத்துக்குப் பக்கத்துல இருந்திருக்கான்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா ஒண்ணு மட்டும் மன்னிக்க முடியல. அதே மாசம்தான் இன்னொரு இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலோட ஆல்பமும் வந்துச்சு. அதே ஃபேர்லைட், அதே மாதிரி மண்டையில இடிக்கிற ட்ரம்ஸ், அதே மாதிரி உறுமல். கேப்ரியலுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு யாரும் எழுதி நான் படிச்சதில்ல. ஆம்பளை பண்ணா பரிசோதனை, பொம்பளை பண்ணா பைத்தியம். இதை எழுதும்போதே எனக்குத் தெரியுது, நானும் அந்த வார்த்தையை யோசிக்காம எடுத்தவன்தான். அதனாலதான் உறுத்துச்சு.

பக்கத்து வீட்டுல இருந்த காப்பி

எங்க பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்காங்க. வயசு அறுபது. தனியாத்தான் இருக்காங்க. எங்க பார்சல் எல்லாம் பாதி நாள் அவங்க வீட்டுலதான் இறங்கும். போன வருஷம் மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை பார்சல் வாங்கப் போனேன், ஹால்ல லாஃப்ட்டுலேர்ந்து இறக்கின அட்டைப்பெட்டிங்க. மேல ஒரு எல்பி. பழுப்பு நிறத்துல அட்டை, ஒரு பொண்ணு ஒரு ஆம்பளையோட முகத்துக்கிட்ட வாயைத் திறந்துட்டு நிக்கிறா, நாக்கு மேல சின்னதா ஒரு சாவி, அந்தச் சாவிக்கு மட்டும் தங்கக் கலர். அந்தப் படத்தை போன் ஸ்க்ரீன்ல நகம் அளவுக்குப் பாத்திருந்தேன், சாவி இருக்கிறதே தெரியாது. கையில எடுத்துப் பாக்கும்போதுதான் அது சங்கிலியில கட்டின மனுஷன்னும், முத்தம் குடுக்கிற சாக்குல சாவியை வாய்க்கு வாய் மாத்தறாங்கன்னும் புரிஞ்சுது. மாயக்காரர் ஹூடினியும் அவர் பொண்டாட்டியும். அதுக்குன்னே ஒரு பாட்டும் உள்ள இருக்கு, அந்தக் கரகரக் குரலுக்காக பாலும் சாக்லேட்டும் சாப்பிட்டு வேணும்னே தொண்டையைக் கெடுத்துக்கிட்டுப் பாடினாங்க.

"இது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. "தெரியும். எனக்குப் புடிக்கல"ன்னேன். சிரிச்சாங்க. "எனக்கும்தான். அதான் லாஃப்ட்டுல இருந்துச்சு."

அப்புறம் டீ போட்டுக்கிட்டே சொன்னாங்க. 1982-ல அவங்களுக்கு பதினேழு வயசு. சனிக்கிழமை மட்டும் ஒரு கடையில வேலை, அந்தக் காசுல வந்த முதல் வாரமே போய் வாங்கின காப்பி அது. கேட் புஷ் இந்தப் பக்கத்துப் பொண்ணு வேற. இங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல வெல்லிங்ல ஈஸ்ட் விக்கம் பண்ணை வீடு, அப்பா டாக்டர், அபி வுட்ல இருக்கிற கான்வென்ட்டுலதான் படிச்சாங்க. "எங்க பஸ்ல போற மாதிரி இருந்த ஒருத்தி டிவியில வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்து போட்டேன். முதல் பாட்டு ரேடியோவுல கேட்டதுதான், பரவாயில்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு பாட்டா கேக்கக் கேக்க எனக்கு அழுகையே வந்துருச்சு. என்னைப் பாத்தே வெளிய போன்னு கத்தற மாதிரி இருந்துச்சு." அவங்க அண்ணன் கீழேர்ந்து கழுதை மாதிரி கத்திக் காட்டி ஒரு மாசம் கேலி பண்ணிருக்கார். அதுக்கப்புறம் அந்த ரெக்கார்டை எடுக்கவே இல்ல. 1985-ல அடுத்த ஆல்பம் வந்தப்ப மன்னிச்சுட்டாங்களாம், இதை மட்டும் மன்னிக்கல.

ரெக்கார்டை வெளிய எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன். எல்பியில ஊசி அதிகமா ஓடின எடம் மங்கலாத் தெரியும். முதல் பக்கத்துல வெளி ஓரத்துல ஒரு விரக்கடை அகலம் தேஞ்சு சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு, அதுதான் "சாட் இன் யுவர் லாப்". அதைத் தாண்டி உள்ள வர வர கறுப்பு பளபளன்னு இருக்கு. திருப்பினா ரெண்டாவது பக்கம் முழுக்க நேத்து கடையில வாங்கினது மாதிரி. 1982-ல ஒரு பதினேழு வயசுப் பொண்ணுக்கு எது பிடிச்சுது எது பிடிக்கலைங்கிறது முழுசா அந்த வட்டத்துல எழுதிருக்கு. எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன், இவ்வளவு நேர்மையா ஒண்ணு நான் பாத்ததில்ல.

உறையோட பின்பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு. இந்த ஆல்பம் சத்தமா வெச்சுக் கேக்கறதுக்காக உண்டாக்கினதுன்னு. அந்த அம்மா அதைக் காட்டி, "அப்ப எங்க அப்பா வீட்டுல சத்தமா வைக்க விடுவாரா? மெதுவாத்தான் வெச்சேன்"னாங்க. நானும் ட்ரெயின்ல பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாம மெதுவாத்தானே கேட்டேன். மனைவியையும் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன், "வாங்க, ஆனா இந்தத் தெருவுல மத்தவங்க கம்ப்ளெயின்ட் பண்ணா பதில் நீங்க சொல்லணும்"னாங்க.

சத்தமா வெச்சப்போ

அன்னிக்கு சாயங்காலம் மூணு பேரும் உக்காந்து முதல் பக்கத்தைப் போட்டோம். ட்ரம்ஸ் வந்த உடனே தரைப் பலகை அதிர்ந்து கால்ல ஏறிச்சு. மெதுவா வெச்சுக் கேட்டா அந்தக் கத்தல் மட்டும்தான் மேல வந்து நிக்கும், அதுக்குக் கீழ இருக்கிற எதுவும் கேக்காது, அதனால யாரோ காரணமில்லாம கத்தற மாதிரி இருக்கும். சத்தமா வெச்சா குரல் பின்னாடி போயி ட்ரம்ஸுக்கு நடுவுல ஒரு எடத்துல உக்காந்துக்குது. முதல் தடவை கேட்டப்போ குரல் தறிகெட்டுப் போற மாதிரி தெரிஞ்சுதே, உண்மையில ஒவ்வொரு கத்தலும் ஒரு அடி விழற எடத்துல சரியா விழுது.

அதைவிட பெரிய விஷயம், அந்த அம்மா கூட உக்காந்து கேட்டதுதான். ரெண்டாவது பாட்டு பேங்க் கொள்ளையடிக்கப் போற கத்துக்குட்டித் திருடங்களைப் பத்தினது. எனக்கு அது ஏதோ கோமாளிக் குரல்ல ஒரு உளறல்னுதான் பட்டிருந்துச்சு. அந்த அம்மா முதல் வரியிலயே சிரிச்சாங்க. அவங்க சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில போடுவாங்களே, பழைய கறுப்பு வெள்ளை திருட்டுக் காமெடிப் படங்கள், அதுல பேசற லண்டன் பேச்சு அதுன்னாங்க. ஆல்பம் பேர்ல இருக்கிற பாட்டுல ஆடு மாடு சத்தம் எல்லாம் வரும், உறையில பெர்சி எட்வர்ட்ஸ்னு பேர் போட்டிருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாது. ரேடியோவுல குருவி கத்தல், ஆட்டுக் கத்தல்னு வாயாலயே பண்ணிக் காட்டற கலைஞர், அவங்க தலைமுறைக்கே தெரிஞ்ச ஆளாம். அதாவது எனக்கு விசித்திரமாத் தெரிஞ்சதுல பாதி அவங்க ஊர்க் குழந்தைங்களுக்குத் தாலாட்டு மாதிரி பழக்கமானது. "நைட் ஆஃப் தி ஸ்வாலோ"வுல அயர்லாந்துப் பைப்பும் ஃபிடிலும் வந்தப்போ அவங்க முகமே மாறிடுச்சு. கேட்டோட அம்மா ஐரிஷ்காரங்க இல்லையா, லியாம் ஓ'ஃப்ளின் பைப்பும் ஷான் கீன் ஃபிடிலும் அந்தப் பாட்டைக் கடைசியில எங்கயோ தூக்கிட்டுப் போகும். "இதை நான் அன்னிக்குக் கேக்கவே இல்லையே"ன்னாங்க. கேட்டிருப்பாங்க, காதுல விழுந்திருக்காது, அதுக்குள்ள அழுதுட்டிருந்தாங்களே.

எல்லாமே பிடிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். ஆல்பம் பேர்ல இருக்கிற பாட்டு ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட நிலத்தை சுரங்கத்துக்காகப் புடுங்கறதைப் பத்தினது, நோக்கம் நல்லதுதான், ஆனா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஆஸ்திரேலிய உச்சரிப்பைப் போட்டுக்கிட்டு அதைப் பாடறது எனக்கு இன்னும் ஒட்டல. முதல்ல வெச்ச பேர்லயே அந்த மக்களை இழிவாச் சொல்ற ஒரு சொல் இருந்து, வெளிய போன காப்பிகளைத் திரும்ப வாங்கிப் பேரை மாத்தினாங்க. அதுல டிட்ஜெரிடூங்கிற ஆஸ்திரேலியப் பழங்குடி ஊதுகுழலை வாசிச்ச ரோல்ஃப் ஹாரிஸ் 2014-ல பாலியல் குற்றங்களுக்காக ஜெயிலுக்குப் போனதுக்கு அப்புறம் அந்தப் பாட்டை சும்மா உக்காந்து கேக்கறது இன்னும் கஷ்டம். அந்த அம்மா ஊசியைத் தூக்கலாமான்னு கேட்டாங்க, தூக்கிட்டோம். ஆனா "புல் அவுட் தி பின்"ல வியட்நாம் காட்டுல பதுங்கியிருக்கிற வீரன் எதிரியை வாசனையால கண்டுபிடிக்கிறான், சென்ட்டும் சிகரெட்டும் வேர்வையும் கலந்த அமெரிக்கன் வாசனை, அவன் பார்வையிலேர்ந்து முழுப் பாட்டும். அங்கயும் இதே கேள்வி வரணும், ஆனா வரல. ஏன்னு யோசிச்சேன். இதுல அவங்க யாரோட உச்சரிப்பையும் கடன் வாங்கல, பயத்தை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க.

"ஆல் தி லவ்" முடியற எடத்துல போன் ஆன்சரிங் மெஷின் குரல்கள் வரும். கேட்டோட மெஷின் கெட்டுப்போயி, பேசினவங்க செய்தியெல்லாம் விட்டுட்டு கடைசி வார்த்தையை மட்டும் பிடிச்சு வெச்சிருந்துச்சாம். அதனால வரிசையா நண்பர்களோட "பை, பை" மட்டும். மூணு பேரும் அந்த நேரத்துல ஒண்ணும் பேசல. மனைவி மட்டும் மெதுவா "ஊர்லேர்ந்து அம்மா போன் வைக்கும்போது இப்படித்தான், வெச்சிடறேன் வெச்சிடறேன்னு நாலு தடவை"ன்னா.

கழுதை

அப்புறம் கடைசிப் பாட்டு. "கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்". பேய் பிடிச்ச ஹோட்டல் பத்தின ஸ்டீபன் கிங் நாவல்லேர்ந்து பிறந்த பாட்டு, இதுல பொண்ணுதான் வீடு, கதவை எல்லாம் ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டே வரா. வெளியில நிக்கிறவன் உள்ள விடுன்னு கெஞ்சறான். அவ பறவையா மாறறா, அவன் காத்தா மாறி வரான், அவ காத்துக்கு எதிரா நின்னுக்கிட்டு கடைசியா மாறறதுதான் இந்தக் கழுதை. கத்தல் ஆரம்பிச்ச உடனே எனக்கு உடம்பு கூசிச்சு, பக்கத்துல மனைவி வேற. ஆனா அந்த அம்மா கையைத் தூக்கி "இருங்க"ன்னாங்க. "நாப்பது வருஷமா எங்க அண்ணன் பண்ணினதுதான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. இப்பத்தான் கவனிக்கிறேன். அவ சொல்றது டாங்கி இல்ல. ம்யூல்."

எனக்கு உடனே புரியல. கழுதைன்னா நமக்கு என்ன? முட்டாள், சொரணை இல்லாதது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்லிச் சொல்லி வளர்ந்தவங்க நாம. பாட்டுல ஒருத்தி கழுதை ஆனா அவ புத்தி கெட்டுப் போச்சுன்னுதான் என் காது எடுத்துக்கிச்சு. ஆனா ம்யூல்னா கோவேறு கழுதை. இங்க்லீஷ்காரங்களுக்கு அது முட்டாள்தனம் இல்ல, பிடிவாதம். நாலு காலையும் ஊன்றி நின்னுருச்சுன்னா யார் இழுத்தாலும் அசையாது. நாம உடும்புப் பிடின்னு சொல்றோமே, அது. கதவை இடிச்சுட்டு உள்ள வரப் பாக்கறவன் முன்னாடி ஒருத்தி கடைசியா எடுக்கிற உருவம் அது. நகர மாட்டேன், என்ன பண்றியோ பண்ணு. நான் பைத்தியம்னு சொன்ன எடத்துல அவ அந்தப் பாட்டுலயே ரொம்பத் தெளிவா இருந்திருக்கா.

கழுதைக்கு அப்புறமும் பாட்டு முடியலைங்கிறது அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், ஏன்னா முதல் தடவை அந்த எடத்துலதானே ஹெட்ஃபோனைக் கழட்டினேன். ட்ரம்ஸ் ஓடிட்டே இருக்கு, அதுக்கு நடுவுல ஒரு ஆம்பளைக் குரல் வேகமா என்னமோ சொல்லுது. "இதோ, இந்த உளறல்தான்"னு அந்த அம்மா சொன்னாங்க, "இந்த எடத்துலதான் அவளுக்கு நிஜமாவே புத்தி போயிருச்சுன்னு நான் அன்னிக்கு முடிவு பண்ணேன்."

நானும் மனைவியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். அது உளறல் இல்ல. தாளம் சொல்றாங்க. நான் கும்பகோணத்துல சின்ன வயசுல மூணு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவன். வாத்தியார் வாத்தியத்தைத் தொடவே விட மாட்டார், மொதல்ல வாயால சொல்லு, தொடையில தட்டு, சொல் சுத்தமா வந்தாத்தான் கை சுத்தமா வரும்பார். அந்தத் திண்ணை, அவர் வெத்தலை வாயோட சொல்ற சொற்கட்டு, எல்லாம் ப்ளம்ஸ்டெட்ல ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டு ஹால்ல வந்து நின்னுச்சு. இது கர்நாடக சங்கீதத்துல வாயாலயே தாளச் சொல் சொல்ற நம்ம கொன்னக்கோல் பாணி இல்ல, வடக்க தபலாக்காரங்க சொல்ற போல் மாதிரிதான் என் காதுக்குப் பட்டுச்சு, ஆனா வேலை ஒண்ணுதான். உறையை எடுத்து அந்தச் சின்ன எழுத்தை விரல் வெச்சுத் தேடினேன். எஸ்மாயில் ஷேக், ட்ரம் டாக். அவ்வளவுதான் போட்டிருக்கு. அந்த அம்மா, "ட்ரம் டாக்னா ஏதோ ஒரு வகை ட்ரம்முன்னு நினைச்சிருந்தேன்"னாங்க.

இதைத்தான் நான் இத்தனை நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். அந்த ஆல்பத்துலயே எல்லாரும் பைத்தியத்தோட உச்சம்னு நினைச்ச எடத்துல நடக்கிறது என்னன்னா, ஒருத்தர் கணக்கு சொல்றார். ஒரு சொல் முன்னப் பின்ன போகாத வேலை அது. எங்களுக்குக் கழுதை கேட்டுச்சு, கோவேறு கழுதை கேக்கல. அவங்களுக்கு உளறல் கேட்டுச்சு, சொற்கட்டு கேக்கல. ரெண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவுல முக்கால் அடி செங்கல்தான் இருக்கு, ஆளுக்குப் பாதிப் பாட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்திருக்கோம். 1982-ல ஸ்டுடியோவுக்குள்ள இருந்த அந்த இருபத்திநாலு வயசுப் பொண்ணுக்கு மட்டும் ரெண்டு பாதியும் கேட்டிருக்கு. அவங்களுக்கு அதுல எவ்வளவு களைப்பு வந்திருக்கும்னு நினைக்கிறேன். அதை முடிச்சுட்டு கொஞ்ச காலம் ஒதுங்கித்தான் இருந்தாங்க, அப்புறம் அந்தப் பண்ணை வீட்டுலயே சொந்தமா ஸ்டுடியோ கட்டிக்கிட்டாங்க, யாரோட கடிகாரத்துக்கும் பயந்து வேலை பண்ண வேண்டியதில்லைங்கிற மாதிரி.

பாட்டு முடிஞ்சு ஊசி நடுவுல டிக் டிக்னு சுத்திட்டே இருந்துச்சு. அந்த அம்மா எந்திரிக்கல. "அவர் சொன்னதை நீங்க சொல்ல முடியுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அதே வேகத்துல வராது, அது வேற பள்ளிக்கூடம்னு சொன்னேன். "உங்களுக்கு வர்றதைச் சொல்லுங்க." தொடையில ஆதி தாளம் போட்டு த க தி மி, த க ஜு ணுன்னு எட்டு எண்ணி மெதுவாச் சொன்னேன். அவங்களும் தொடையில தட்டினாங்க. விரல் எண்றதுல சுண்டுவிரல்ல ஆரம்பிக்கணுங்கிறதை மனைவி கையைப் புடிச்சுக் காட்டிக் கொடுத்தா. நாலாவது தடவை சரியா வந்துச்சு. அப்புறம் அவங்க எழுந்து போயி, சவுண்டைக் கொஞ்சம்கூடக் குறைக்காம, ஊசியை எடுத்து வெளிச்சத்துல குனிஞ்சு பாத்து அந்தக் கழுதை கத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சாங்க.